பேய்த்தேர் திரும்பும் இடம்: ஒளி ஏன் வளைகிறது என்ற கேள்வியும் அதன் விடைகளும்

திருவரங்கத் தீவின் இரு கரைகளும் இருவேறு பருவங்களில் கண்ணை ஏமாற்றுகின்றன. வடக்கே, சித்திரை வெயிலில் வறண்டு கிடக்கும் கொள்ளிட மணலில், தொலைவில் நீர் தேங்கி நிற்பதுபோல் ஒரு பளபளப்பு தெரியும். கிட்டே போனால் மணல்தான். தெற்கே, ஆடியில் காவிரி நிறைந்து ஓடும்போது, அம்மா மண்டபம் படித்துறையில் நீருக்குள் இருக்கும் படி உண்மையான இடத்தைவிட மேலே இருப்பதுபோல் தெரியும். 4 அடி ஆழம் நேர் மேலிருந்து பார்ப்பவருக்கு 3 அடியாகத் தோன்றும். சாய்வாகப் பார்த்தால் அதைவிடவும் குறையும். ஒரு கரையில் இல்லாத நீர் இருப்பதாகத் தெரிகிறது. மறு கரையில் இருக்கும் நீர் ஆழம் குறைந்து தெரிகிறது.

இரண்டுக்கும் காரணம் ஒளிவிலகல். ஓர் ஊடகத்திலிருந்து வேறோர் ஊடகத்துக்குள் சாய்வாக நுழையும் ஒளி திசை மாறுகிறது. இதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன: எவ்வளவு வளைகிறது, ஏன் வளைகிறது? முதல் கேள்விக்கான விடை 17ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ முடிந்த கதை. இரண்டாவதற்கு ஒவ்வொரு காலமும் தனக்கென ஒரு விடை வைத்திருந்தது. திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1959இல் கானல் நீர் குறித்து எழுப்பிய ஓர் ஆட்சேபமும் அந்த வரிசையில் வருகிறது. முக்கியமான விடைகளையும் அவற்றின் தோற்றத்தையும் குறைகளையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

கண்ணிலிருந்து புறப்பட்ட கதிர்

கேள்வியின் தொடக்க வடிவம் பார்வை பற்றியது. கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது, அதனால் பார்க்கிறோம் என்பது பழங்காலத்தில் பரவலாக இருந்த கருத்து. இந்தியாவில் நியாய மரபினர் இதை வலியுறுத்தினர். நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் இதற்கு ஓர் எதிர்வாதம் வருகிறது: கண்ணாடி, அப்பிரகம், படிகம் ஆகியவற்றுக்குப் பின்னால் இருக்கும் பொருளும் தெரிகிறதே, அப்படியானால் கண்ணின் கதிர் பொருளைத் தொடாமலே அறிகிறது என்றுதானே ஆகும்? ஒளி ஊடுருவும் பொருள்கள் கதிரைத் தடுப்பதில்லை என்பது நியாய மரபின் மறுமொழி. படிகத்துக்கு அப்பால் இருப்பதைச் சூரியக் கதிர் சுடுவதை அது சான்றாகக் காட்டுகிறது.

இந்த விவாதம் ஊடகங்களைப் பற்றிக் கூர்மையாகவே பேசுகிறது. ஆனால் அதன் அக்கறை கதிர் கடக்கிறதா இல்லையா என்பதில்தான் இருந்தது. கடக்கும்போது எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்பது அங்கே கேள்வியாகவில்லை. கோணத்தை அளக்க முனைந்தவர்களுள் நமக்குப் பதிவு கிடைக்கும் முன்னோடி, 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி. அவரும் கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறது என்று நம்பியவர்தான். ஆயினும் அவர் அளவுகள் பயன்பட்டன. ஒளியின் பாதை இரு திசையிலும் ஒன்றே என்பதால், கதிர் கண்ணிலிருந்து போகிறதா கண்ணுக்கு வருகிறதா என்பது கோணக் கணக்கைப் பாதிப்பதில்லை. தவறான காரணத்தோடு சரியான கணக்கு சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு இது முதல் உதாரணம். பின்னும் சில வரும்.

அளவைத் தேடிய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள்

தாலமியின் அட்டவணையில் காற்றிலிருந்து நீருக்குள் செல்லும் கதிருக்குப் படுகோணம் 10 பாகை என்றால் விலகுகோணம் 8; 20க்கு 15.5, 30க்கு 22.5, 60க்கு 40.5, 80க்கு 50. அட்டவணை முழுவதிலும் 10 பாகைக்கு ஒருமுறை அடுத்தடுத்த வித்தியாசங்களை எடுத்தால் 7.5, 7, 6.5, 6 என ஒவ்வொரு படியிலும் சரியாக அரைப் பாகை குறைகிறது. அளந்த எண்கள் இவ்வளவு ஒழுங்காக வருவது அரிது. எனவே அவர் சிலவற்றை அளந்து மீதியை ஒரு கணித ஒழுங்குக்கு இசைவாகத் திருத்தியிருக்கலாம் என்று வரலாற்றாளர்கள் கருதுகின்றனர். 60 பாகைக்கு அவர் தந்த எண் இன்றைய கணக்கோடு பொருந்துகிறது. 80 பாகைக்கோ இன்றைய விடை ஏறத்தாழ 47.6தான்.

சரியான உறவை முதலில் எட்டியவர் பாக்தாத்தின் இபின் சாஹ்ல் என்று இப்போது பலரும் ஏற்கின்றனர். எரிக்கும் வில்லைகள் பற்றி 984 வாக்கில் அவர் எழுதியதில் இந்த விகிதம் வடிவக்கணித உருவில் இருக்கிறது. 1990இல் ரோஷ்டி ராஷெட் வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னரே இது உலகின் கவனத்துக்கு வந்தது. ஐரோப்பாவில் கெப்ளர் 1604இல் முயன்றும் விதி பிடிபடவில்லை. இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் கண்டுபிடித்தும் அச்சிடவில்லை. நெதர்லாந்தின் ஸ்நெல் 1621இல் கண்டார், அவரும் அச்சிடவில்லை. 1637இல் அச்சில் தந்தவர் தேகார்த்.

படுகோணத்தின் சைனை விலகுகோணத்தின் சைனால் வகுத்தால், குறிப்பிட்ட இரு ஊடகங்களுக்கு அது ஒரே எண்ணாக இருக்கும். காற்றிலிருந்து நீருக்கு அந்த எண் சுமார் 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு 1.52; வைரத்துக்கு 2.42. இதையே ஒளிவிலகல் எண் என்கிறோம்.

அடர்மிகு ஊடகம், அடர்குறை ஊடகம் என்று பாடநூல்கள் இங்கே பேசுவதில் ஒரு குழப்பம் உண்டு. தேங்காய் எண்ணெய் நீரில் மிதக்கும். அதாவது நீரைவிட எடை அடர்த்தி குறைந்தது. ஆனால் அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.45, நீரினுடையதைவிட அதிகம். எடையடர்த்தி வேறு, ஒளியடர்த்தி வேறு. ‘அடர்த்தியான பொருள் ஒளியை அதிகம் வளைக்கும்’ என்ற எளிய காரணம் இந்த ஓர் எண்ணெய்ச் சொட்டிலேயே உடைந்துவிடுகிறது.

விரைகிறதா, தாமதிக்கிறதா

விதி கிடைத்ததும் ஏன் என்ற கேள்வியில் இரு அணிகள் உருவாயின. தேகார்த் ஒளியைப் பந்தோடு ஒப்பிட்டார். நீர்ப்பரப்பில் பந்தின் செங்குத்து வேகம் மாறுகிறது, பக்கவாட்டு வேகம் மாறுவதில்லை. இந்தக் கணக்கின்படி செங்குத்துக் கோட்டை நோக்கி வளைய வேண்டுமானால் ஒளி நீரில் கூடுதல் வேகம் பெற வேண்டும். நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் இதற்கு ஒரு விசையைத் தந்தார்: பரப்பை நெருங்கும் ஒளித்துகளை ஊடகம் உள்ளே இழுக்கிறது. துகள் வேகம் பெறுவதும் உள்நோக்கி வளைவதும் இந்த ஒரே இழுப்பின் விளைவுகள். எளிமையான, சீரான விளக்கம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது செல்வாக்கோடு இருந்ததில் வியப்பில்லை.

பெர்மா 1662இல் நேர்எதிரான இடத்திலிருந்து தொடங்கினார். ஒளி மிகக் குறைந்த நேரம் எடுக்கும் பாதையைத் தேர்கிறது. நீரில் அது தாமதிக்கிறது என்று வைத்துக்கொண்டால் அதே சைன் விதி வருகிறது. தார்ச்சாலையிலிருந்து சேற்று வயலின் நடுவே உள்ள ஓரிடத்துக்கு நாற்றுக்கட்டு சுமந்து செல்பவர் நேர்கோட்டில் போகமாட்டார். சாலையில் கொஞ்சம் கூடுதலாக நடந்து சேற்றில் நடப்பதைக் குறைப்பார். அவர் இறங்கும் இடத்தைக் கணக்கிட்டால் ஸ்நெல் விதியே கிடைக்கும்.

இந்த விடையின் குறையை அதே ஆண்டில் தேகார்த்தின் ஆதரவாளரான கிளெர்செலியே சுட்டிக்காட்டினார். நாற்றுக்கட்டுக்காரருக்கு வயலையும் தெரியும், சேற்றையும் தெரியும். முன்னறிவு இல்லாத ஒளி எந்தப் பாதை விரைவானது என்று எப்படித் தேரும்? அந்த ஆட்சேபத்துக்கு நிறைவான மறுமொழி வர நெடுங்காலம் ஆனது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபைன்மன் வகுத்த முறையின்படி ஒளி தேர்வு எதுவும் செய்வதில்லை. எல்லாப் பாதைகளும் பங்களிக்கின்றன. விரைவுப் பாதையை ஒட்டியவை ஒன்றையொன்று வலுப்படுத்த, மற்றவை ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. குறைந்த நேரம் என்ற சொல்லும் முழுச் சரியல்ல. பாதை சிறிது மாறினாலும் நேரம் மாறாமல் நிற்கும் இடம் என்பதே துல்லியமானது.

தேர்ச்சக்கரமும் முட்டுக்கட்டையும்

ஹைகன்ஸ் 1690இல் வெளியிட்ட நூலில் ஒளியை அலையாகக் கொண்டார். அலைமுகப்பின் ஒரு முனை நீரைத் தொட்டுத் தாமதிக்கிறது. மறுமுனை இன்னும் காற்றில் விரைந்து வருகிறது. அதனால் முகப்பே திரும்புகிறது.

திருவரங்கத்தில் சித்திரைத் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தேருக்குச் சுக்கான் கிடையாது. திருப்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போடுகிறார்கள். அந்தச் சக்கரம் தயங்க, மறுபக்கச் சக்கரம் முன்னே போக, தேர் தயங்கிய பக்கமாகத் திரும்புகிறது. ஒளியும் தாமதிக்கும் பக்கமாகவே வளைகிறது. இங்கே கவனிக்க வேண்டியது அகலம். ஒற்றைச் சக்கரத்தை முட்டுக்கட்டையால் நிறுத்த முடியும், திருப்ப முடியாது. அலைமுகப்புக்கு அகலம் உண்டு. வடிவக்கணிதக் கதிருக்கு இல்லை. கானல் நீர் விவாதத்தில் இந்த வேறுபாடு மீண்டும் வரும்.

ஹைகன்ஸின் அலை முன்பின்னாக அசையும் அலை. கால்சைட் படிகத்தில் ஒரு கதிர் இரண்டாகப் பிரிவதை அவர் கணக்கிட்டுக் காட்டினார் என்றாலும், பிரிந்த கதிர்களுக்குப் ‘பக்கங்கள்’ இருப்பது ஏன் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரெனெல், ஒளி குறுக்கலை என்று கொண்டபோதே அது தீர்ந்தது.

வேகம் குறித்த வழக்கு 1850இல் முடிவுக்கு வந்தது. சுழலும் ஆடியைக் கொண்டு ஃபூக்கோ, நீரில் ஒளி தாமதிக்கிறது என்று காட்டினார்; அதே ஆண்டில் ஃபிசோவும் அதை உறுதிப்படுத்தினார். காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. செல்லும் ஒளி, நீரில் 2.25 லட்சம் கி.மீ.தான் செல்கிறது. நியூட்டனின் இழுப்பு விசை தோற்றது. சைன் விதிக்கு ஒரு கீறலும் விழவில்லை.

ஆனால் வேகம் என்ற சொல்லும் பின்னர் இரண்டாகப் பிளந்தது. 1880களில் மைக்கல்சன் கார்பன் டைசல்பைடு திரவத்தில் ஒளியின் வேகத்தை அளந்தார். ஒளிவிலகல் எண்ணின்படி வேகம் சுமார் 1.64 மடங்கு குறைய வேண்டும்; அவருக்குக் கிடைத்ததோ 1.76. முகடுகள் நகரும் வேகம் ஒன்று, அலைத்தொகுதி நகரும் வேகம் வேறு என்று ராலே பிரித்துக் காட்டிய பிறகே முரண் தெளிந்தது. விலகலைத் தீர்மானிப்பது முன்னது. ஓர் ஒளித்துடிப்பு போய்ச் சேரும் நேரத்தைத் தீர்மானிப்பது பின்னது. 1999இல் மிகக் குளிர்ந்த சோடிய அணுக்களிடையே லீனா ஹாவ் குழுவினர் ஒளியை நொடிக்கு 17 மீட்டராகத் தாமதிக்கச் செய்தது இந்தப் பின்னதைத்தான்.

மூலக்கூறின் பங்கும் திருவானைக்காவலின் மகனும்

ஒளி ஏன் தாமதிக்கிறது என்ற அடுத்த கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லோரன்ஸ் விடை தந்தார். ஒளி மின்காந்த அலை. அது பொருளின் எலக்ட்ரான்களை அசைக்கிறது. அசையும் எலக்ட்ரான்கள் தாமும் அலைகளை வெளியிடுகின்றன. உள்வந்த அலையும் இந்தப் புதிய அலைகளும் கூடிக் கிடைக்கும் மொத்த அலையின் முகடுகள் பின்தங்குகின்றன. 1915ஐ ஒட்டி எவால்டும் ஓசீனும் இதைக் கணிதமாக நிறுவினர்: உள்ளே வந்த மூல அலை பொருளுக்குள் முழுவதும் அழிக்கப்பட்டு, அதன் இடத்தில் தாமதித்த அலை ஒன்று எழுகிறது. கண்ணாடியிலும் நீரிலும் எலக்ட்ரான்களின் இயல்பதிர்வு புறஊதாப் பகுதியில் இருப்பதால், அதற்கு நெருக்கமான ஊதா நிறம் சிவப்பைவிட அதிகம் வளைகிறது. முக்கோணப்பட்டகத்தில் நிறங்கள் பிரிவது இதனால்தான்.

இந்த விடையிலிருந்து ஒரு முக்கியமான தொடர்பு பிறக்கிறது. எலக்ட்ரான் அசைந்து வெளியிடும் அலை எல்லாத் திசையிலும் போகும். முன்னோக்கிப் போவது ஒழுங்காகக் கூடி ஒளிவிலகல் ஆகிறது. ஒழுங்கு குலையும் இடங்களில் பக்கவாட்டில் போவது சிதறல் ஆகிறது. இந்தப் புள்ளியில்தான் ராமனின் பணி தொடங்குகிறது.

ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7, திருவானைக்காவலில். ஐம்பூதத் தலங்களில் நீருக்குரியது என்று போற்றப்படும் ஜம்புகேசுவரர் கோயில் உள்ள ஊர். அவருடைய தந்தை 1892இல் விசாகப்பட்டினத்துக்கு ஆசிரியப் பணி ஏற்றுச் சென்றதால் குழந்தைப் பருவத்திலேயே ஊரைவிட்டுப் போனவர். எனவே காவிரிக் கரைக்கும் அவர் ஆய்வுக்கும் நேரடித் தொடர்பு தேடுவது மிகையாகும். ஆயினும் அவரைத் திசைதிருப்பியது ஒரு நீர்க்காட்சிதான். 1921இல் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கவனத்தை ஈர்த்தது. கடலின் நிறம் வானத்தின் எதிரொளிப்பே என்பது ராலேயின் கருத்து. ராமன் தம்மிடமிருந்த நிக்கோல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து, நீர்ப்பரப்பின் எதிரொளி மறையும் கோணத்தில் கடலைப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு அடங்கியது, நீலம் அடங்கவில்லை. நிக்கோல் பட்டகமே கால்சைட்டின் இரட்டை விலகலைக் கொண்டு செய்யப்பட்ட கருவி. ஒளிவிலகலைக் கருவியாக்கி அதன் உடன்பிறப்பான சிதறலை அவர் கண்டார் என்று சொல்லலாம்.

1922இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அவருடைய சிறு நூல் ஒளியின் மூலக்கூறுச் சிதறலைப் பற்றியது. அந்தத் தடத்தில் சென்றதே 1928 பிப்ரவரி 28இல் கண்டறியப்பட்ட ராமன் விளைவும் 1930இன் நோபல் பரிசும். ஒலியலையால் திரவத்தில் ஒளிவிலகல் எண் ஏறியிறங்கும்போது ஒளி எப்படிப் பிரிகிறது என்பதை நாகேந்திர நாத்தோடு 1935, 1936 ஆண்டுகளில் அவர் விளக்கினார்.

லோரன்ஸ் வழி விடையின் குறை அதன் தவறில் இல்லை, சொல்லும் விதத்தில் இருக்கிறது. ஒளி அணுக்களில் மோதி மோதித் தாமதிக்கிறது, அல்லது ஒவ்வொரு அணுவும் ஒளியை விழுங்கிச் சற்று வைத்திருந்து உமிழ்கிறது என்று பலர் எளிமைப்படுத்துகின்றனர். அப்படி நடந்தால் கதிர் கலைந்து எல்லாத் திசையிலும் சிதறும். கண்ணாடி வழியே தெளிவாகப் பார்க்க முடியாது. எக்ஸ் கதிர்களுக்கு ஒளிவிலகல் எண் 1ஐவிடச் சற்றுக் குறைவு என்பதையும், அதாவது முகடுகள் முந்திச் செல்வதையும், இந்த மோதல் கதையால் விளக்க இயலாது. அலைகளின் கூட்டுத்தொகை என்ற கணக்கு அதையும் விளக்குகிறது.

பட்டை தீட்டும் சாணையில் ஸ்நெல்

காரணம் பற்றிய வாதங்கள் ஒருபுறமிருக்க, அளவை மட்டும் நம்பி ஒரு தொழில் திருச்சிராப்பள்ளியில் வேரூன்றியிருந்தது. செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் வேலை இந்த வட்டாரத்தின் பெயர்பெற்ற குடிசைத் தொழில். குச்சி நுனியில் கல்லை ஒட்டி, சுழலும் சாணைத் தட்டில் குறித்த கோணத்தில் சாய்த்துத் தேய்க்க வேண்டும். அந்தக் கோணத்தில்தான் கல்லின் மினுக்கம் இருக்கிறது.

1919இல் டோல்கோவ்ஸ்கி வைரத்துக்குக் கணக்கிட்ட அடிப்பட்டையின் சாய்வு 40.75 பாகை. மேல் முகத்தில் நேராக நுழையும் கதிர் அடிப்பட்டையை அதே 40.75 பாகையில் சந்திக்கும். வைரத்தின் மாறுநிலைக் கோணம், அதாவது அதைத் தாண்டினால் கதிர் வெளியேற முடியாத கோணம், 24.4 பாகை. கதிர் அதைத் தாண்டியிருப்பதால் முழு அக எதிரொளிப்பு அடைந்து மேலே திரும்பி வருகிறது. சிர்கோனியாக் கல்லுக்கு மாறுநிலைக் கோணம் சுமார் 27.6, அங்கும் கதிர் திரும்புகிறது. சாதாரணக் கண்ணாடிக்கோ அது 41.1. அதே கோணத்தில் தீட்டிய கண்ணாடிக் கல்லில் கதிர் அடிவழியே வெளியேறிவிடும். கல் செத்துக் கிடக்கும்.

கல்லின் அடியில் எண்ணெய் படிந்தால் என்ன ஆகும்? இப்போது எல்லை கல்லுக்கும் காற்றுக்கும் இடையே இல்லை, கல்லுக்கும் எண்ணெய்க்கும் இடையே. தேங்காய் எண்ணெய் படிந்த சிர்கோனியாவில் மாறுநிலைக் கோணம் சுமார் 42 பாகையாக உயர்கிறது, கதிர் கசிந்துவிடுகிறது. வைரத்தில் அது சுமார் 37தான்; கதிர் இன்னும் திரும்புகிறது. எண்ணெய்க் கை பட்ட செயற்கைக் கல் வைரத்தைவிட விரைவில் மங்குவதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம். சாணையில் உட்கார்ந்தவருக்கு நியூட்டன் சரியா ஹைகன்ஸ் சரியா என்பது தேவைப்படவில்லை. கோணம் தேவைப்பட்டது.

பேய்த்தேர்: 1959இன் ஆட்சேபம்

காரணம் தேவைப்படும் இடம் கொள்ளிட மணல்தான். பழந்தமிழில் கானல் நீருக்குப் பேய்த்தேர் என்று பெயர். சுடுமணலை ஒட்டிய காற்று விரிந்து லேசாகிறது. அதன் ஒளிவிலகல் எண் மிகச் சிறிதளவு குறைகிறது. எவ்வளவு என்று கணக்கிடலாம். கண் மட்டத்தில் காற்று 35 பாகை செல்சியஸ், மணலை ஒட்டி 55 என்று கொண்டால், இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு லட்சத்தில் சுமார் 1.6 பங்கு. இவ்வளவு சிறிய மாற்றத்தால் திரும்பக்கூடிய கதிர், தரையோடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகைக்கும் குறைவான கோணத்தில் வர வேண்டும். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது சுமார் 270 மீட்டருக்கு அப்பால் என்றாகிறது. நாம் நடக்க நடக்கக் கானல் நீர் விலகிப் போவதற்கும், ஒருபோதும் காலடியில் வராததற்கும் இந்தக் கோணம்தான் காரணம்.

நெப்போலியனின் படையோடு எகிப்து சென்ற மோன்ஜ், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை முழு அக எதிரொளிப்பாக விளக்கினார். காற்றை அடுக்கடுக்காகப் பிரித்துக்கொண்டு, கதிர் ஒவ்வோர் அடுக்கிலும் மேலும் மேலும் சாய்ந்து, கடைசியில் ஓர் அடுக்கில் எதிரொளித்து மேலேறுகிறது என்ற படம் அதிலிருந்து வந்தது. 1800இல் வொல்லாஸ்டன், எண் அடுக்கடுக்காக அன்றித் தொடர்ச்சியாக மாறுவதாகக் கொண்டு விளக்கினார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை ஒட்டிப் பார்த்து அதைச் சோதித்தும் காட்டினார்.

1959இல் ராமனும் அவருடைய சகோதரி மகன் பஞ்சரத்தினமும் கானல் நீரின் ஒளியியல் பற்றிப் பெங்களூரிலிருந்து எழுதினர். ராமனின் ஆட்சேபம் இது: அடுக்குகளினூடே சாய்ந்து வரும் கதிர் ஒரு கட்டத்தில் கிடைமட்டமாகிறது. கிடைமட்டமாகிவிட்டால் அது ஒரே அடுக்கிலேயே ஓட வேண்டும். மேலே திரும்ப அதற்கு என்ன காரணம்? ஆகவே கதிர் விளக்கம் போதாது, அலை விளக்கமே வேண்டும் என்றனர். சூடேற்றிய தட்டின் மேல் இணைகதிர்க் கற்றையைச் சாய்த்து அனுப்பிப் பார்த்தனர். தட்டை ஒட்டி ஒளி நுழையாத ஓர் இருண்ட பகுதி. அதன் மேல் ஒளி செறிந்த ஒரு படலம். அதற்கும் மேல் இருளும் ஒளியுமாக மாறிமாறி, வலு குறைந்துகொண்டே போகும் பட்டைகள். இந்தப் பட்டைகளைக் கதிர்ப் படம் தராது. உள்வரும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் மட்டுமே அவை தோன்றும்.

பிரிஸ்டலைச் சேர்ந்த மைக்கல் பெர்ரி 2013இல் இந்த வழக்கைத் திரும்ப எடுத்தார். ராமனின் ஆட்சேபம் நிற்காது என்பது அவர் முடிவு. மேலே எறிந்த கல்லை நினைத்துக்கொள்ளலாம். உச்சியில் ஒரு கணம் அதன் போக்கு கிடைமட்டமாகிறது. ஆயினும் அது அங்கேயே கிடைமட்டமாகப் பறந்து போவதில்லை, ஈர்ப்பு அந்தக் கணத்திலும் இருக்கிறது. அதுபோல எண் தொடர்ச்சியாக மாறும் காற்றில், கதிர் கிடைமட்டமாகும் புள்ளியிலும் வளைக்கும் காரணம் அழிவதில்லை. தேர் உவமையில் சொன்னால், கீழ்ச்சக்கரம் அங்கேயும் மேல்சக்கரத்தைவிட விரைவாகவே ஓடுகிறது. தேர் மேல்நோக்கித் திரும்பித்தான் ஆக வேண்டும். சிக்கல் இயற்கையில் இல்லை, அடுக்கு என்ற படத்தில்தான் இருந்தது.

ராமன் தரப்பு முற்றும் வீண் என்று இதற்குப் பொருளில்லை. கதிர்கள் திரும்பும் எல்லையை ஒட்டிய ஒளிச்செறிவையும் பட்டைகளையும் அவர்கள் கண்டதும் கணக்கிட்டதும் இன்றும் நிற்கின்றன. அந்த மெல்லிய பகுதியில் கதிர் என்ற கருத்துக்கு அலை துணை தேவைதான்.

இன்னும் முடியாதவை

திறந்திருக்கும் கேள்விகளில் பழையது உந்தம் பற்றியது. ஊடகத்துக்குள் ஒளியின் உந்தம் கூடுகிறதா, குறைகிறதா? மின்கோவ்ஸ்கி 1908இல் கூடுகிறது என்றார். ஆபிரகாம் 1909இல் குறைகிறது என்றார். திரவத்தில் மூழ்கிய ஆடியின் மீது ஒளி தரும் அழுத்தத்தை ஜோன்ஸும் உடனாய்வாளர்களும் 1954இலும் 1978இலும் அளந்தனர். முடிவுகள் முதல் பக்கம் சாய்ந்தன. இரண்டும் இருவேறு வகை உந்தங்கள், இரண்டும் தத்தம் இடத்தில் சரி என்று 2010இல் பார்னெட் முன்வைத்த சமரசம் பரவலாக ஏற்கப்பட்டாலும், விவாதம் ஓய்ந்ததாகச் சொல்ல முடியாது.

விதியின் எல்லையும் விரிந்திருக்கிறது. ஒளிவிலகல் எண் எதிர்க்குறியாக இருந்தால் கதிர் செங்குத்தின் அதே பக்கத்தில் வளையும் என்று 1960களின் இறுதியில் வெசலாகோ கணித்தார். 2001இல் நுண்ணலைகளைக் கொண்டு செயற்கைக் கட்டமைப்புகளில் அது காட்டப்பட்டது. 2011இல் காபாசோ குழுவினர், எல்லைப் பரப்பிலேயே அலையின் கட்டத்தை இடத்துக்கு இடம் மாற்றினால் ஸ்நெல் விதிக்கு ஒரு கூடுதல் உறுப்பு சேரும் என்று காட்டினர். பழைய விதி பொய்க்கவில்லை. பரப்பு எங்கும் ஒரேபோல் இருக்கும்போது மட்டும் பொருந்தும் சிறப்பு நிலையாக அது இடம் பெயர்ந்திருக்கிறது.

மதிப்பீடு

இதுவரை வந்த விடைகளில் நியூட்டனின் இழுப்பு விசை ஒன்றையே முழுமையாகத் தோற்றது எனலாம். பெர்மா, ஹைகன்ஸ், லோரன்ஸ் ஆகியோரின் விடைகள் போட்டியாளர்களாகத் தோன்றினாலும், ஒரே நிகழ்வின் வெவ்வேறு அடுக்குகளுக்கு விடை சொல்கின்றன: எந்தப் பாதை, எப்படித் திரும்புகிறது, பொருளுக்குள் எது அதைத் தாமதிக்கச் செய்கிறது. மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஓர் அடுக்கின் விடையை இன்னோர் அடுக்கின் கேள்விக்குப் பொருத்தும்போது குழப்பம் வருகிறது. 1959இல் ராமனுக்கு நேர்ந்தது இவ்வகை என்றே கருத இடமுண்டு.

அவர் ஆட்சேபம் தவறாக இருக்கலாம். ஆனால் அது குறிவைத்த படம் உண்மையிலேயே பழுதுள்ளது. காற்றைக் கோடு போட்டு அடுக்குகளாக்கி, கடைசிக் கோட்டில் கதிரை மடக்கி, முழு அக எதிரொளிப்பு என்று எழுதும் வழக்கம் பள்ளிப் பாடநூல்கள் பலவற்றில் இன்றும் தொடர்கிறது. கொள்ளிடக் காற்றில் அப்படி ஒரு கோடு கிடையாது. அந்தப் படத்தில் மடங்கும் கதிரை வளையும் கதிராக வரைந்து, கீழ்க்காற்றில் அலைமுகப்பு விரைவதால் மேல்நோக்கித் திரும்புகிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பாடநூல் எழுதுவோரும் வகுப்பில் அதைக் கரும்பலகையில் வரைவோரும் செய்ய வேண்டிய திருத்தம் அது.